இழையறிந்த கண்

புதுக் காலணியை அணிந்து நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, விரல்கள் வளையும் இடத்தில் தோல் முதன்முறையாக மடிகிறது. உயர்வகை ஆடவர் காலணிகளைப் போற்றிச் சேர்ப்பவர்கள் இங்கிலாந்தின் நார்தாம்டனில் இருக்கிறார்கள்; வியன்னாவிலும் டோக்கியோவிலும் இருக்கிறார்கள். எங்கிருந்தாலும் அவர்கள் குனிந்து பார்ப்பது அந்த முதல் மடிப்பைத்தான். அது நெருக்கமான நுண்வரிகளாகப் பிரிந்து படிந்தால் மகிழ்கிறார்கள். இரண்டு மூன்று தடித்த மேடுகளாகப் புடைத்து எழுந்தால் முகம் சுளிக்கிறார்கள். ஓர் இணையின் விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டும்போது, சுளிப்பிலும் நியாயம் உண்டு.

பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கலாம். பாதி அப்படித்தான். மறுபாதி அறிவியலைச் சேர்ந்தது. இவர்கள் பாராட்டும் அழகுகளில் பெரும்பாலானவை தோலின் இழையமைப்பில் உள்ள ஏதோ ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. உருப்பெருக்கி கொண்டு அறிய வேண்டியதைப் பழகிய கண் தானே அறிந்துகொள்கிறது. அவர்கள் பாராட்டுகளில் சில வெறுங்கதை என்பதும் உண்மையே. அவற்றுக்குப் பின்னர் வருவேன்.

மடிப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். விலங்கின் தோல் ஒரே சீரான பொருள் அன்று. மேலே மயிர்க்கால்களைத் தாங்கும் மெல்லிய படலம். அங்கே இழைகள் மிக நுண்ணியவை, செறிந்தவை. கீழே தடித்த உட்படலம். அங்கே பருத்த இழைக்கற்றைகள் முப்பரிமாணத்தில் ஒன்றுடன் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் தோலின் வலுவற்ற இடம். வயதான மாட்டின் தோலிலும், எந்த விலங்கிலும் வயிற்றுப் பக்கத்துத் தோலிலும் இவ்வெல்லையில் இழைகள் தளர்ந்து நிற்கும். அத்தகைய தோலை வளைத்தால் மேற்படலம் உட்படலத்தை விட்டுத் தனியே எழும்புகிறது. முகம் சுளிக்க வைக்கும் அந்தப் புடைத்த மேடு இதுவே. இளங்கன்றின் தோலில் இழைகள் மெலிந்தவை, எல்லையும் இறுக்கமானது. ஆகவே இரு படலங்களும் சேர்ந்தே மடிகின்றன.

கன்றின் தோல் பார்வைக்கும் மென்மையாக இருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மயிர்க்கால்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. விலங்கு வளர வளரத் தோல் விரிகிறது, மயிர்க்கால்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, குழிகளும் பெரிதாகின்றன. கன்றில் அவை நெருங்கியும் சிறுத்தும் இருப்பதால் பரப்பு வழவழப்பாகத் தெரிகிறது. நல்ல பட்டறையில் தோல் வெட்டுபவர் ஒரு முழுத்தோலை மேசைமேல் விரித்ததும் கத்தியை எடுப்பதில்லை. முதலில் கையால் இழுத்துப் பார்க்கிறார். எந்தத் திசையில் இழுவை குறைவோ அத்திசை காலணியின் நீளவாக்கில் வருமாறு அச்சுத்தாளை வைக்கிறார். முதுகெலும்பை ஒட்டிய இறுகிய பகுதியிலிருந்து முன்பாகம் பிறக்கிறது. வயிற்றோரம் நாக்குக்கும் மறைவிடங்களுக்கும் போகிறது. மலிவான காலணியில் இந்தத் தேர்வுதான் முதலில் கைவிடப்படுகிறது. மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மேல் நிறமி கலந்த பலபடிப் பூச்சு ஒன்றைப் போர்த்திவிட்டால் கடையில் அது கன்றுத்தோலைவிடப் பளபளக்கும். சில மாதங்களில் மடிப்பு விழுந்த இடத்தில் வெடிப்பது தோல் அன்று, அந்தப் பூச்சு.

மடிப்பின் கதையில் குதிரைக்குத் தனியிடம் உண்டு. குதிரையின் பின்புறத்தில் மேற்படலத்துக்குக் கீழே, நார்கள் மிகச் செறிந்த ஓர் அடர்படலம் முட்டைவடிவில் இருபக்கமும் அமைந்திருக்கிறது. இதையே கார்டோவன் என்கிறார்கள். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சீவி நீக்கிவிட்டு இப்படலத்தை மட்டும் எடுப்பதால் அதில் மயிர்க்கால் குழி என்பதே இல்லை. சிகாகோவில் 1905இல் தொடங்கப்பட்ட ஹார்வீன் ஆலையில் ஒரு கார்டோவன் உருவாகக் குறைந்தது ஆறு மாதம் ஆகிறது. இந்தத் தோலில் வரி விழுவதில்லை. அகன்ற அலை எழுகிறது. மெல்லிய மேற்படலமும் தளர்ந்த எல்லையும் இல்லாத செறிந்த ஊடகம் ஒன்றை வளைத்தால் வேறென்ன நிகழும்? கன்றுத்தோலில் புடைப்பைக் கண்டு வெறுத்த அதே கண்கள் இந்த அலையைக் கண்டு வியக்கின்றன. முரண்பாடு போலத் தோன்றும், இல்லை. முன்னது படலம் பிரிந்ததன் அடையாளம், பின்னது பிரிவதற்குப் படலமே இல்லாததன் அடையாளம்.

இழை இழை என்று சொல்லிவருகிறேனே, அந்த இழைதான் என்ன? அது கொல்லாஜன் என்னும் புரதம். அதன் வடிவம் தெளிவானது வேறெங்கும் அன்று, நம் சென்னைக் கிண்டியில். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைப் பொறுப்பை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொல்லாஜனை எக்ஸ் கதிர்களால் ஆய்ந்தார். கங்காருவின் வால் தசைநாண் அவர்களுக்கு உதவிய மாதிரிப்பொருள்களில் ஒன்று. 1954இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: கொல்லாஜனின் மூலக்கூறு மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஒரு திருகு. அடுத்த ஆண்டில், அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதாக அவர்களே வடிவத்தைத் திருத்தினர். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஓர் இடம் கிளைசினுக்கு உரியது. அமினோ அமிலங்களிலேயே சிறியது அது. அதைவிடப் பெரிதான எதற்கும் முத்திருகின் உள்ளச்சில் இடமில்லை. இந்தத் திருகுக்கோல் ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் ஒன்றரை நானோமீட்டர் தடிப்பும் உடையது. கோல்கள் வரிசையாய் ஒட்டி நுண்ணிழையாகி, நுண்ணிழைகள் கற்றையாகி, கற்றைகள் பின்னித் தோலாகின்றன. தோலியலுக்கென்றே 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அண்டையிலேயே இருந்தது என்பதை இங்கே நினைப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. இலண்டனின் புகழ்பெற்ற காலணிகளை ஏந்தி நிற்கும் மூலக்கூறின் முகத்தை முதலில் கண்டவர்கள் அடையாற்றங்கரையோரத்தில் வேலை செய்தவர்கள்.

பச்சைத்தோல் நீரில் ஊறினால் அழுகும், காய்ந்தால் மரக்கட்டைபோல் விறைக்கும். ஈரமாக இருக்கையில் சற்றேறக்குறைய 65 பாகை செல்சியசில் சூடேற்றினால் முத்திருகு அவிழ்ந்து தோல் சட்டெனச் சுருங்கிவிடும். திருகுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தி இந்த மூன்று கேடுகளையும் தடுப்பதே பதனிடல். மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்பொருள்கள் எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகளால் கொல்லாஜனைப் பற்றுகின்றன. இழைகளுக்கிடையே உள்ள வெளியையும் நிரப்புகின்றன. நன்கு பதப்பட்ட அடித்தோலின் எடையில் கணிசமான பங்கு மரத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள கோலிட்டன் சிற்றூரில் பேக்கர் குடும்பத்தாரின் ஆலை, அடித்தோலை ஓக் பட்டைச் சாற்றுத் தொட்டிகளில் ஏறத்தாழ ஓராண்டு கிடத்துகிறது. பெரிய துவர்மூலக்கூறு தடித்த தோலுக்குள் நுழைவது மெல்ல நடக்கும் செயல். முதலிலேயே அடர்ந்த சாற்றில் இட்டால் மேற்புறம் மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே செல்லும் வழி அடைபட்டுவிடும். அதனால்தான் நீர்த்த சாற்றில் தொடங்கிப் படிப்படியாக அடர்த்தியை ஏற்றுகிறார்கள்.

ஹம்ஃப்ரி டேவி 1803இல் துவர்ப்பொருள்களை ஆராய்ந்து அரச கழகத்தின் ஏட்டில் எழுதியபோது, இந்தியாவிலிருந்து சென்ற காசுக்கட்டி ஓக் பட்டையைவிடப் பல மடங்கு ஆற்றல் உடையது என்று கண்டார். தமிழகத்துத் தோல்காரர்களுக்கோ ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தலைமுறைகளாகக் கைவந்தவை. ஆவாரையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல்கள் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் மதராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேறி இலண்டன் சந்தைக்குப் போயின.

காலணி நயப்போரிடம் ஒரு மயக்கம் உண்டு: மரப்பட்டையில் பதனிட்டதே மேலானது, குரோமியத்தில் பதனிட்டது ஆலைச் சரக்கு என்பது. அவர்கள் மிகவும் விரும்பும் கறுப்புக் கன்றுத்தோல் பெரும்பாலும் குரோமியத்தின் பிள்ளை என்பதைச் சொன்னால் சிலர் நம்ப மறுக்கலாம். 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸும், 1893இல் மார்ட்டின் டென்னிசும் காப்புரிமை பெற்ற இம்முறையில், குரோமிய உப்புகள் கொல்லாஜனின் பக்கக்கிளைகளில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளைப் பற்றி உறுதியாகப் பிணைக்கின்றன. மாதக்கணக்கில் நடந்த பதனிடல் ஒரு நாளளவில் முடிகிறது. கொதிநீரில் இட்டாலும் தோல் சுருங்குவதில்லை. அதுவே ஆலைகளில் செய்து பார்க்கும் சோதனையும்கூட. சேரும் குரோமியம் தோலின் எடையில் சில விழுக்காடே. இழைகளுக்கிடையே வெளி அடைபடாமல் இருப்பதால் தோல் மெலிதாகவும் துவளும் தன்மையோடும் நிற்கிறது. மேற்பாகத்துக்கு வேண்டியது இது. அடித்தோலுக்கு வேண்டியது பட்டைத் துவர் தரும் அந்த நிரப்பு. மேலுக்குக் குரோமியம், கீழுக்குப் பட்டை என்ற பங்கீட்டைப் பழமைப் பற்று வகுக்கவில்லை, இழை வகுத்தது.

மதராசில் குரோமியப் பதனிடலை ஊன்றச்செய்தவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். பின்னர் வந்த சேம்பர்சின் குரோமியத் தோல் ஆலை, குரோம்பேட்டைக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டது. இந்த விரைவுக்கு விலையும் உண்டு. பாலாற்றங்கரையின் நிலமும் நீரும் தோல் கழிவுகளால் கெட்டதும், வேலூர் மக்களின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவை. கண்ணாடிபோல் மின்னும் காலணியைப் பேசும் கட்டுரையில் இந்த வரியை விட்டுவிட எனக்கு மனமில்லை.

தோல் இனி உருப்பெற வேண்டும். மரத்தாலோ நெகிழியாலோ செய்த பாத வடிவக் கட்டையின் மேல் ஈரத்தோலை இழுத்துக் கட்டுகிறார்கள். அதன் பெயர் லாஸ்ட். ஆம்பூரிலும் தொழிலாளர் வாயில் அச்சொல்லே வழங்குகிறது. இந்த இழுத்துக்கட்டும் வேலை ஒரு காலத்தில் கைத்திறனின் உச்சம். சுரினாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரில் செருப்பாலைத் தொழிலாளியாக இருந்த யான் மாட்சலிகர் என்ற கறுப்பின இளைஞர் 1883இல் அதற்கும் இயந்திரம் கண்டார்.

தோல் பாகுபோலச் சற்றே வழியவும், மீள்பொருள்போலத் திரும்பவும் வல்லது. இழுத்த நிலையிலேயே வைத்திருந்தால் உள்ளே உள்ள தகைவு நாளடைவில் தளர்கிறது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் புதிய இடத்தில் அமர்கின்றன. நீர் வெளியேற வெளியேற அந்த இடத்திலேயே பிணைப்புகள் ஊன்றுகின்றன. சில நாளில் கட்டையை உருவினால் தோல் பழைய நினைவோடு சுருங்கப் பார்க்கும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் வடிவம் நிலைக்கும். ஆலைகள் வெப்பக் காற்றறையில் இதை விரைவுபடுத்துகின்றன. கைவினைஞர் காத்திருக்கிறார். ஒடுங்கிய இடுப்பும் குதிகாலில் பாதத்தைக் கவ்விப்பிடிக்கும் வளைவும் உள்ள காலணியைக் கையில் ஏந்தி ஒருவர் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்றால், அவர் பார்ப்பது தகைவு தளர்ந்ததற்கான சான்றை. அவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்தது தையல். மேற்பாகத்தையும் உள்ளடித்தோலையும் சுற்றிவரும் ஒரு தோல்பட்டை இணைக்கிறது. அப்பட்டையோடு வெளியடித்தோலை இன்னொரு தையல் சேர்க்கிறது. வெல்ட் எனப்படும் இந்தப் பட்டைதான் அடித்தோல் தேய்ந்தால் மேற்பாகத்தைத் தொடாமலே அதை மாற்ற வழிசெய்கிறது. இரப்பரைக் கந்தகத்தால் வலுவாக்கிய சார்லஸ் குட்இயரின் அதே பெயர் கொண்ட மகன், 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் வளைந்த ஊசியால் இத்தையலைப் போடும் இயந்திரத்தைத் தொழிலுக்கு உகந்ததாக்கினார். கையால் தைப்பவர் உள்ளடித்தோலிலேயே ஒரு வரம்பைச் செதுக்கி, அதனூடே மெழுகிட்ட நூலின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் ஒரே துளையில் செலுத்துகிறார். இயந்திரத் தையலுக்கோ பொதுவாக உள்ளடித்தோலின்மேல் துணி வரம்பு ஒன்றைப் பசையால் ஒட்டுகிறார்கள். இந்தப் பசை விட்டுவிடுமே என்பது நயப்போரின் ஓயாத கவலை. கவலையின் அடிப்படை சரியானது: ஒரு கட்டமைப்பின் வலிமை அதன் மெலிந்த இணைப்பின் வலிமையே. அளவு மட்டும் மிகை. இயந்திரத்தில் தைத்த நல்ல காலணிகள் இரண்டு மூன்று முறை அடித்தோல் மாற்றியும் குலையாமல் நடக்கின்றன.

இரு அடித்தோல்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் தக்கையை நிரப்புகிறார்கள். 1665இல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் கண்டு 'அறைகள்' என்று பெயரிட்டது இந்தத் தக்கையின் கண்ணறைகளைத்தான். காற்று அடைபட்ட அறைகளாக இருப்பதால் அமுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்குவதில்லை. இருந்த இடத்திலேயே ஒடுங்குகிறது. இரப்பர் அப்படி அன்று, ஒருபுறம் அமுக்கினால் மறுபுறம் பிதுங்கும். பல மாதம் நடந்தபின் காலணியின் உட்புறத்தைத் தடவிப்பார்த்தால் உரியவரின் குதியும் பெருவிரல் அடியும் பள்ளங்களாகப் பதிந்திருக்கும். ஒருவர் பழகிய காலணியை மற்றவர் அணிய முடியாமல் போவது பெரிதும் இதனால்தான்.

இனி ஒளி. முனையும் குதியும் கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்று மாலைப்பொழுதுகளைச் செலவிடுவோர் பலர். விரலில் சுற்றிய மென்துணியில் சிறிது மெழுகு, அதன்மேல் ஒரு சொட்டு நீர், சின்னஞ்சிறு வட்டங்களாகத் தேய்ப்பு. கார்னாபா பனைமெழுகு 82 பாகைக்கு மேலும், தேன்மெழுகு 62 பாகையை ஒட்டியும் உருகுபவை. முன்னது கடினம் தருகிறது, பின்னது இளக்கம் தருகிறது. இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் டர்பன்டைன் தேய்க்கத் தேய்க்க ஆவியாகிறது. மயிர்க்கால் குழிகளில் மெழுகு நிரம்பி மேடுபள்ளம் மறையத் தொடங்குகிறது. எஞ்சிய ஏற்றத்தாழ்வு கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது 400 முதல் 700 நானோமீட்டரைவிட, மிகச் சிறிதாகிவிட்டால் பரப்பு ஒளியைச் சிதறடிப்பதை நிறுத்துகிறது; கண்ணாடியாக எதிரொளிக்கிறது. நீரின் பணி சிறிது, ஆனால் நுட்பமானது. மெழுகோடு ஒட்டாத நீர்ப்படலம் துணி இழுத்துப்பிடிக்காமல் வழுக்கிச் செல்ல உதவுகிறது. தேய்ப்பின் வெப்பத்தில் முந்திய படலம் இளகிப் பெயராமல் காக்கிறது. மின்னத் தொடங்கியதும் கறுப்பு மேலும் கறுப்பதும் ஒளி சிதறாமல் போவதால்தான். நனைந்த கூழாங்கல் நிறம் ஆழ்வது போல, பரப்பில் சிதறிய வெள்ளொளி நீங்கினால் உள்ளிருக்கும் நிறம் மட்டும் எஞ்சுகிறது. முனையிலும் குதியிலும் மட்டும் இதைச் செய்வது ஏன் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அவ்விரு இடங்களிலும் தோலுக்கு உள்ளே விறைப்பான தாங்கி இருப்பதால் பரப்பு வளைவதில்லை. விரல் மடியும் இடத்தில் இதே மெழுகை ஏற்றினால் முதல் நடையிலேயே பொடிப்பொடியாக உதிரும்.

கதை என்று முன்னே குறித்தது இங்கே வருகிறது. பாரிசில் 1895இல் தொடங்கிய பெர்லுத்தி இல்லத்தைச் சேர்ந்த ஓல்கா பெர்லுத்தி, காலணித்தோலில் படிப்படியாக நிறமேற்றும் கலையைப் புகழ்பெறச் செய்தவர். அவர் கையில் பழுப்பு பச்சையாகவும் ஊதாவாகவும் உருகி ஓடுகிறது. தோலை நிலவொளியில் வைத்தால் நிறம் தெளிவடையும் என்பது அவரோடு சேர்த்து வழங்கப்படும் செய்தி. முழுநிலவின் ஒளிச்செறிவு கதிரவனதில் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. ஓர் இரவு முழுதும் நிலவில் வைத்த தோல் பெறும் ஒளியை நண்பகல் வெயிலில் வைத்த தோல் ஒரு நொடிக்குள் பெற்றுவிடும். கலைஞருக்கு நிலவு தேவைப்படலாம்; தோலுக்குத் தேவையில்லை.

வெயில் செய்யும் மாற்றமோ மெய்யானது. பட்டையில் பதனிட்ட தோலில் நிறைந்துள்ள துவர்ப்பொருள்கள் பல்பீனால்கள். காற்றும் புறஊதாக் கதிரும் சேர்ந்து அவற்றை ஆக்சிசனேற்றம் செய்யும்போது தோல் சிவந்து பழுப்பேறுகிறது. எல்லாத் துவரும் ஒன்றுபோல் மாறுவதில்லை. கடுக்காயின் துவர் நீரால் பகுபடும் வகை; அது ஒளியை நன்கு தாங்கும். ஆவாரை, வேலம்பட்டை ஆகியவற்றின் துவர் குறுக்கமடைந்த வகை; அது விரைவில் சிவக்கும். ஆவாரையில் பதனிட்ட தோலைக் கடுக்காயில் முடித்த நம் பழைய தோல்காரர்கள் மஞ்சள் நிறத்தைச் சிவக்காமல் காத்தது இந்த வேதியியலைக் கொண்டே. குரோமியத் தோலில் இம்மாற்றம் மிகக் குறைவு. அங்கே நயப்போர் மெச்சும் நிற ஆழம் பெரும்பாலும் சாயமும், ஆண்டுக்கணக்கில் பூசிய களிம்பும், மடிப்புகளில் தங்கிய மெழுகும் ஆகும். பழைய மெழுகைச் சில மாதங்களுக்கு ஒருமுறை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுத்துவிட்டுத்தான் புதுக் களிம்பு பூச வேண்டும். இல்லாவிட்டால் அடைபட்ட பரப்பின்மேலேயே எண்ணெய்ப்பசை தங்கிவிடும், உள்ளே இழைகள் உலர்ந்துகொண்டே போகும்.